நெஞ்சு நோகாமல் வரும் மாரடைப்பும் குருதி தரும் எச்சரிக்கையும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில் நெல்லியடிச் சந்தியைக் காலை வேளையில் கடந்து செல்பவர்கள், கையில் கிளினிக் கொப்பியுடன் மந்திகைக்குச் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் முதியவர்களைக் காணத் தவறுவதில்லை. அவர்களிற் கணிசமானோர் நீரிழிவு நோயாளர். மாதந்தோறும் வெறுவயிற்றில் குருதி கொடுத்து, சீனியின் அளவை அறிந்து, குளிசைகளைப் பெற்று வீடு திரும்புவது அவர்களது வாழ்வின் வழமையாகிவிட்டது. ஆனால் இவர்களுள் யாருக்கு மாரடைப்பு ஏற்படக்கூடும், ஏற்பட்டால் யார் உயிர் பிழைப்பார், யார் மீண்டும் அதே ஆபத்துக்கு உள்ளாவார் என்னும் வினாக்களுக்கும் அதே குருதியில் ஓரளவு விடை இருக்கின்றது என்பதை இவர்களும் இவர்களது குடும்பத்தினரும் அறிந்திருக்கிறார்களா என்பது கேள்விக்குறியே. இது குறித்துச் சில விடயங்களை இன்று இங்கு எடுத்துக்கூற விரும்புகின்றோம்.

முதலில் பிரச்சினையின் பருமனைப் பார்ப்போம். 2005-2006 காலப்பகுதியில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரியதொரு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறிந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கும் அதிகமானோர் தமக்கு இந்நோய் இருப்பதை அதுவரை அறிந்திருக்கவில்லை. இந்த ஆய்வு ஒன்பது மாகாணங்களில் ஏழினை மட்டுமே உள்ளடக்கியிருந்தது. போர்ச் சூழல் காரணமாக வடக்கும் கிழக்கும் அதிற் சேர்க்கப்படவில்லை. அதாவது தமிழரும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் இரு மாகாணங்களின் நோயாளர்கள் அந்தக் கணக்கில் இடம்பெறவேயில்லை. 2006 ஆகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டு, குடாநாட்டுக்கான மருந்துகளே கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் அது. பின்னர் யாழ். மருத்துவ பீடத்தைச் சேர்ந்தோர் குடாநாட்டு மக்களிடையே மேற்கொண்ட ஆய்வுகள் இக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்தன. எனினும் எண்ணப்படாத நோயாளருக்காக எவரும் திட்டமிடுவதில்லை என்பதை அந்த ஆண்டுகள் நமக்குக் கற்பித்தன.

2018-2019 இல் மேற்கொள்ளப்பட்ட நாடு தழுவிய ஆய்வு இன்னும் கவலை தரும் படத்தைக் காட்டியது. வயது வந்தோரில் 23 வீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், மேலும் 30 வீதத்துக்குச் சற்று அதிகமானோர் அதன் வாசற்படியில் நிற்பதாகவும் அது தெரிவித்தது. வயது வந்தோர் நால்வர் உள்ள ஒரு வீட்டில் ஒருவருக்கு இந்நோய் இருக்கலாம் என்பதே இதன் பொருளாகும்.

நீரிழிவு என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது காலில் ஆறாத புண்ணும், பார்வை இழப்பும், சிறுநீரகச் செயலிழப்புமேயாகும். ஆனால் நீரிழிவு நோயாளரைப் பெருமளவிற் பலிகொள்வது இருதய நோய் என்பதே உண்மை. பின்லாந்தில் நடத்தப்பட்டு 1998 இல் வெளியான ஆய்வொன்று, முன்னர் மாரடைப்பே வந்திராத நீரிழிவு நோயாளருக்கு ஏழு ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு 20.2 வீதம் எனவும், ஏற்கனவே மாரடைப்பு வந்த, ஆனால் நீரிழிவு இல்லாதவர்களுக்கு அது 18.8 வீதம் எனவும் காட்டியது. அதாவது நீரிழிவு இருப்பதே ஒரு தடவை மாரடைப்பு வந்ததற்குச் சமம் என்ற கருத்து அன்று வலுப்பெற்றது. பின்னர் வந்த ஆய்வுகள் இக்கூற்று எல்லா நீரிழிவு நோயாளருக்கும் ஒரேயளவிற் பொருந்தாது என நிறுவின. நோய் எத்தனை ஆண்டுகள் நீடித்துள்ளது, சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்பவற்றைப் பொறுத்து ஆபத்து கூடிக் குறைகின்றது. ஆகவே நீரிழிவு நோயாளருள்ளும் யார் அதிக ஆபத்தில் உள்ளார் என்பதைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது.

தெற்காசியரான நமக்கு இதில் மேலதிகமான ஒரு பாதகமும் உண்டு. இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் தரவுகளை ஏனைய நாடுகளின் தரவுகளுடன் ஒப்பிட்டு 2007 இல் வெளியிடப்பட்ட 'இன்ரர்ஹார்ட்' ஆய்வறிக்கை, நமது பிராந்தியத்தில் முதலாவது மாரடைப்பு வரும் சராசரி வயது 53 எனவும், ஏனைய நாடுகளில் அது ஏறத்தாழ 59 எனவும் கூறியது. குடும்பத்தின் உழைப்பாளி இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் வயதிலேயே நமது மக்களை இந்நோய் தாக்குகின்றது.

இனி, குருதி என்ன சொல்கின்றது என்பதை நோக்குவோம்.

முதன்மையானது ட்ரொபோனின் எனப்படும் புரதம். இது இருதயத் தசைக்குள் இருப்பது. தசை சேதமடையும்போது குருதியிற் கலக்கின்றது. மாரடைப்பு ஏற்பட்டுச் சில மணித்தியாலங்களுக்குள் இதன் அளவு உயரத் தொடங்கிப் பல நாட்களுக்கு உயர்ந்தே இருக்கும். மாரடைப்பா, இல்லையா என்பதைத் தீர்மானிப்பதற்கு மாத்திரமன்றி, சேதத்தின் அளவை மதிப்பிடவும் இது உதவுகின்றது. இரண்டாவது, பீ.என்.பீ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொருளும் அதன் துணைப்பொருளும். இருதயம் தன் சக்திக்கு மீறி விரிவடைந்து திணறும்போது இவை சுரக்கின்றன. மாரடைப்பின் பின்னர் இவற்றின் அளவு உயர்ந்திருப்பின் இருதயச் செயலிழப்பும் மரணமும் நேரும் வாய்ப்பு அதிகம் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது நமக்கு நன்கு பழக்கமான சீனியின் அளவே. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வேளையில் குருதியில் உள்ள குளுக்கோசின் அளவு, அந்நோயாளரின் எதிர்காலம் பற்றிய வலுவான எச்சரிக்கையாகும். அதனுடன் எச்.பி.ஏ.1.சி. என்னும் சோதனையைச் சேர்த்துப் பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களாகவே சீனி கட்டுப்பாடின்றி இருந்ததா, அல்லது மாரடைப்பின் அதிர்ச்சியால் அன்று திடீரென உயர்ந்ததா என்பதை ஓரளவு பிரித்தறியலாம். நான்காவது, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின். ஐந்தாவது, உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சீ.ஆர்.பீ. ஆயினும் சாதாரண காய்ச்சலிலும் கிருமித்தொற்றிலும் கூட இது உயரும் என்பதால் இதனை மாத்திரம் வைத்துக்கொண்டு இருதயம் பற்றி முடிவுக்கு வர இயலாது.

இவற்றை நீரிழிவு நோயாளரிடத்திற் பொருள்கொள்ளும்போது அவதானம் தேவை. நீண்டகால நீரிழிவினாற் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு, மாரடைப்பு இல்லாத வேளையிலும் ட்ரொபோனின் சற்று உயர்ந்தே காணப்படலாம். ஆதலால் ஒரேயொரு அளவீடு போதாது. சில மணித்தியால இடைவெளியில் மீண்டும் சோதித்து, அளவு ஏறுகின்றதா அல்லது இறங்குகின்றதா என்று பார்ப்பதே முறை. மாரடைப்பை வரையறுக்கும் 2018 ஆம் ஆண்டின் சர்வதேச இணக்க ஆவணமும் இந்த ஏற்ற இறக்கத்தையே வலியுறுத்துகின்றது. அதேபோன்று குருதிச்சோகை உள்ளவர்களிடத்தில் எச்.பி.ஏ.1.சி. தவறான தோற்றத்தைத் தரக்கூடும்.

அப்படியாயின் உயர்ந்திருக்கும் ட்ரொபோனினுக்குப் பொருளே இல்லையா என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை 2015 இல் வெளியானது. நீரிழிவும் நிலையான இருதய நோயும் கொண்ட 2,285 பேரின் குருதி ஆராயப்பட்டது. அவர்கள் அவ்வேளையில் மாரடைப்புடன் வந்தவர்கள் அல்லர். எனினும் அவர்களில் ஏறத்தாழ 39 வீதத்தினருக்கு ட்ரொபோனின் வழமைக்கு மேலாக இருந்தது. ஐந்து ஆண்டுகளில் இருதய மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு ஆளானோர், வழமையான அளவு கொண்டிருந்தவர்களில் 12.9 வீதமாகவும், உயர்ந்த அளவு கொண்டிருந்தவர்களில் 27.1 வீதமாகவும் இருந்தனர். நெஞ்சுவலியின்றி நடமாடித் திரியும் ஒருவரின் குருதியில் இத்தகைய முன்னறிவித்தல் இருக்கக்கூடும் என்பது சாதாரண விடயமன்று.

ஆனால் அதே ஆய்வு கசப்பான இன்னோர் உண்மையையும் கூறியது. ட்ரொபோனின் உயர்ந்திருந்தவர்களுக்கு உடனடியாகவே அடைப்பு நீக்கும் சிகிச்சையையோ மாற்றுவழிச் சத்திரசிகிச்சையையோ மேற்கொண்டமை அவர்களது எதிர்காலத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றவில்லை. இதுபோன்றதே குளுக்கோஸ் பற்றிய அனுபவமும். சுவீடனில் நடத்தப்பட்டு 1995 இல் வெளியான 'டிகாமி' ஆய்வில், மாரடைப்பு வந்த நீரிழிவு நோயாளருக்குத் தீவிர இன்சுலின் சிகிச்சை வழங்கியபோது ஓராண்டு மரணவீதம் 26.1 இலிருந்து 18.6 ஆகக் குறைந்தது. 2005 இல் வெளியான இரண்டாவது 'டிகாமி' ஆய்வு அந்த நன்மையை உறுதிப்படுத்தவில்லை. எனினும் குளுக்கோசின் அளவு மரணத்தை முன்னறிவிக்கும் வலுவான குறிகாட்டி என்பதை அதுவும் ஏற்றுக்கொண்டது. முன்னறிவது ஒன்று, அதனை மாற்றியமைப்பது வேறொன்று. எச்சரிக்கை மணி ஒலிப்பதனால் மட்டும் தீ அணைந்துவிடுவதில்லை.

இவ்விடத்தில்தான் இவ்விடயம் நெல்லியடிக்கும் அதனைச் சூழவுள்ள கிராமங்களுக்கும் நேரடியாக வந்து சேர்கின்றது.

கரவெட்டியிலோ துன்னாலையிலோ தனியே வாழும் முதிய தாயொருவரை எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. ஒருநாள் மாலையில் இனந்தெரியாத களைப்பு, வியர்வை, வயிற்றைப் பிரட்டும் உணர்வு ஏற்படுகின்றன. நெஞ்சு நோவில்லை. 'வாய்வுக் குணம்' எனக் கருதி இஞ்சித் தண்ணீரோ கடையில் வாங்கிய குளிசையோ எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறார். நீண்டகால நீரிழிவு நரம்புகளைப் பாதிப்பதால், மாரடைப்பின் அடையாளமான நெஞ்சுவலி இத்தகையோருக்கு உணரப்படாமலே போகக்கூடும் என்பதை அவரும் அறியார், பக்கத்து வீட்டாரும் அறியார். மறுநாளோ அதற்கு மறுநாளோ அவர் வைத்தியசாலையை அடையும்போது ட்ரொபோனின் மிக உயர்ந்திருக்கும். குருதி உண்மையைச் சொல்லும். ஆனால் அதனைக் கேட்டுச் செயற்படுவதற்கான காலம் கடந்திருக்கும். இது கற்பனையே எனினும், இதனை வாசிக்கும் பலருக்கு இது தம் உறவினர் ஒருவரின் கதையாகவே தோன்றும் என அஞ்சுகின்றோம்.

இதற்கு நேர்மாறான தவறு ஒன்றும் நமது நகரங்களில் வளர்ந்து வருகின்றது. சந்திக்குச் சந்தி தனியார் ஆய்வுகூடங்கள் உள்ள இக்காலத்தில், உடலுக்கு முடியவில்லை என்றதும் அங்கு சென்று குருதி கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் போக்கே அது. மாரடைப்பு எனச் சந்தேகிக்கும் வேளையில் முதலிற் செய்யப்பட வேண்டியது குருதிச் சோதனையன்று, ஈ.சீ.ஜீ. பரிசோதனையாகும். வைத்தியசாலையை அடைந்து பத்து நிமிடங்களுக்குள் அது எடுக்கப்பட வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட நியமம். மேலும் முதல் ஓரிரு மணித்தியாலங்களில் எடுக்கப்படும் குருதியில் ட்ரொபோனின் உயராமலே இருக்கக்கூடும். 'ஒன்றுமில்லை' என்று எழுதப்பட்ட காகிதத்துடன் வீடு திரும்புவது பேராபத்தில் முடியலாம். ஆய்வுகூடத்துக்குச் செல்லும் நேரத்தில் மந்திகையில் உள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவை அடைவதே அறிவுடைமை. 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட 1990 இலவச நோயாளர் காவுவண்டிச் சேவையை அழைப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

காலத்தின் பெறுமதியை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டுப் போதும். மாரடைப்பு எனச் சந்தேகிக்கப்பட்ட 17,187 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 1988 இல் வெளியான ஆய்வு, சாதாரண அஸ்பிரின் குளிசை மாத்திரமே ஐந்து வார காலத்து மரணங்களை ஏறத்தாழ நான்கிலொரு பங்கினாற் குறைத்தது எனவும், இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ரெப்ரோகைனேஸ் மருந்துடன் சேர்த்துக் கொடுக்கும்போது அது ஐந்தில் இரண்டு பங்கையும் தாண்டியது எனவும் காட்டியது. இவை அன்று தொட்டு இன்றுவரை பெருநகர வைத்தியசாலைகளுக்கு மட்டும் உரியவையல்ல. உரிய நேரத்தில் வந்து சேரும் நோயாளரும், விழிப்புடன் இருக்கும் வைத்தியரும் தாதியருமே முதற் தேவை.

குருதிக் குறிகாட்டிகள் என்றதும் விலையுயர்ந்த கருவிகளையே எண்ணி நாம் சோர்வடைய வேண்டியதில்லை. மாரடைப்பு நோயாளரின் ஆபத்தைக் கணிப்பதற்கு உலகெங்கும் பயன்படும் 'கிரேஸ்' என்னும் கணிப்புமுறையில் எட்டு விடயங்கள் கருத்திற் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் குருதியிலிருந்து பெறப்படுபவை இரண்டே. ஒன்று இருதயத் தசைச் சேதத்தின் குறிகாட்டி, மற்றையது கிரியற்றினின். வயது, நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், இருதயச் செயலிழப்பின் அறிகுறிகள், ஈ.சீ.ஜீ. மாற்றம், வரும்போதே இருதயம் நின்றிருந்ததா என்பன ஏனையவை. இவை அனைத்தும் ஓர் ஆதார வைத்தியசாலையின் கட்டிலருகே பெறக்கூடிய தகவல்களாகும். அதிக ஆபத்துள்ளவரை இனங்கண்டு தாமதமின்றி யாழ். போதனா வைத்தியசாலைக்கு அனுப்பி வைக்க இத்தகைய எளிய கணிப்பே பெரிதும் உதவும்.

அடுத்த கேள்வி, உயிர் பிழைத்து வீடு திரும்பியவரைப் பற்றியது. அதிக ஆபத்துள்ளவர் எனக் குருதி காட்டிய ஒருவருக்கு, ஏனையோருக்குப் போலவே ஒரு மாதத்துக்குரிய குளிசைகளைக் கொடுத்து அனுப்புவதாயின் அச்சோதனையாற் பயனென்ன? நீரிழிவு நோயாளர் ஏறத்தாழ ஆறாயிரம் பேரை உள்ளடக்கி 2003 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்ரற்றின் குளிசை மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை ஏறத்தாழ நான்கிலொரு பங்கினாற் குறைத்ததாகக் காட்டியது. 2015 இல் வெளியான இன்னோர் ஆய்வில், இருதய நோயுள்ள நீரிழிவு நோயாளருக்கு எம்பாகிளிஃப்ளொசின் என்ற மருந்து வழங்கப்பட்டபோது இருதய மரணங்கள் 38 வீதத்தாற் குறைந்தன. மருந்துகள் இருக்கின்றன. அவற்றை யாருக்கு முதலில் வழங்குவது என்பதே பற்றாக்குறை நிலவும் நாட்டின் பிரச்சினை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அத்தியாவசிய மருந்துகளுக்கும் ஆய்வுகூட இரசாயனங்களுக்கும் நேர்ந்த தட்டுப்பாட்டை நமது மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருப்பதைத் தேவை மிகுந்தவருக்கு நீதியாகப் பங்கிடுவதற்கு உதவுவதே இக்குறிகாட்டிகளின் உண்மையான பயன் என நாம் கருதுகின்றோம்.

நமது இரு சமூகங்களுக்கும் பொதுவான இன்னொரு விடயத்தையும் இங்கு குறிப்பிடுதல் பொருத்தமாகும். கந்தசஷ்டிக்கு ஆறு நாட்களும் உபவாசம் இருப்போரும், ரமழான் மாதம் முழுவதும் நோன்பு நோற்போரும் நம்மிடையே பெருந்தொகையினர். அண்மையில் மாரடைப்புக்கு உள்ளான நீரிழிவு நோயாளர் நோன்பு நோற்பது உயர் ஆபத்துக்குரியது எனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் வழிகாட்டல் வகைப்படுத்துகின்றது. நோயாளருக்கு இஸ்லாம் சலுகை வழங்கியிருப்பதை முஸ்லிம் மக்கள் நன்கறிவர். உடலை வருத்தி உயிரைப் பணயம் வைக்குமாறு சைவ சமயமும் கேட்பதில்லை. நோன்புக்குப் பல வாரங்கள் முன்னதாகவே வைத்தியரை நாடி, மருந்தின் அளவையும் நேரத்தையும் பற்றி ஆலோசனை பெறுதல் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதனை மக்களுக்கு எடுத்துச் சொல்லுமாயின் அது பெரும் சமூகப் பணியாக அமையும்.

மத்திய, மாகாண சுகாதாரத் துறையினரிடம் நாம் முன்வைப்பவை நான்கு. ஆதார வைத்தியசாலைகளில் ட்ரொபோனின் சோதனை இரவு பகல் எந்நேரமும், தேவையான தடவைகள் செய்யக்கூடியதாக இருப்பதை உறுதிசெய்தல் முதலாவது. நீரிழிவு கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வெறுவயிற்றுச் சீனியுடன் மட்டும் நின்றுவிடாது, எச்.பி.ஏ.1.சி., கிரியற்றினின், சிறுநீரில் புரதம் ஆகியவற்றை உரிய கால இடைவெளியிற் சோதித்து, முடிவைக் கிளினிக் கொப்பியில் நோயாளரும் விளங்கிக்கொள்ளுமாறு பதிவது இரண்டாவது. மாரடைப்பின் பின் வீடு திரும்பும் நீரிழிவு நோயாளரின் ஆபத்து நிலையைக் குறிப்பிட்டு, அதற்கேற்பத் தொடர் கண்காணிப்புக்கு ஒழுங்கு செய்தல் மூன்றாவது. வடக்கிலும் கிழக்கிலும் மாரடைப்புக்கு உள்ளாவோர் பற்றிய தரவுகளை முறையாகத் திரட்டி வெளியிடுதல் நான்காவது. ஒருமுறை எண்ணப்படாது விடப்பட்ட மக்கள் மறுமுறையும் அவ்வாறு விடப்படலாகாது.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் தம் ஊர் வைத்தியசாலைகளுக்குக் கருவிகளை வழங்குவதில் காட்டும் அக்கறை போற்றுதற்குரியது. ஆயினும் கருவியைக் கையளிப்பதுடன் பணி முடிவதில்லை. அதற்கான இரசாயனங்கள் ஆண்டு முழுவதும் கிடைக்குமா, அதனை இயக்கவும் பழுதுபார்க்கவும் ஆளிருக்கிறதா என்பதை முன்கூட்டியே வைத்தியசாலையுடன் பேசித் தீர்மானிப்பது நன்று. அதனினும் எளியதொரு கடமையும் அவர்களுக்கு உண்டு. ஊரிலுள்ள பெற்றோருடன் தொலைபேசியில் உரையாடும்போது, காரணமற்ற களைப்போ, வியர்வையோ, மூச்சுத்திணறலோ இருக்கின்றதா என வினவுவதும், இருப்பின் உடனே வைத்தியசாலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதும் செலவில்லாத வைத்தியமாகும்.

மாரடைப்பின் முடிவைக் குருதி முன்கூட்டியே சொல்லக்கூடும் என்பது மருத்துவம் நமக்குத் தந்துள்ள ஓர் அவகாசம். அந்த அவகாசம் மந்திகைக்குச் செல்லும் பஸ்ஸுக்காக நெல்லியடிச் சந்தியில் காத்து நிற்கும் முதியவருக்கும் கிட்ட வேண்டும். அதற்குப் பொறுப்பானவர்கள் தமது கடமையைத் தாமதமின்றிச் செய்வதும், மக்கள் விழிப்புடன் இருப்பதும் காலத்தின் கட்டாயமாகும்.